முயலின் நகங்கள்: பேணும் முறையும் காயத்திற்குச் செய்யத்தக்க சிகிச்சையும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் பற்றி நம் ஊர்களில் ஒரு பழமொழி வழங்கி வருகின்றது. கூண்டில் வளரும் முயலுக்குக் கால்கள் நான்கு. அக்கால்களில் உள்ள நகங்கள் 18. முயல் வளர்ப்போரிடம் அதன் தீனியைப் பற்றிக் கேட்டால் உடனே விடை கிடைக்கும். கூண்டைப் பற்றிக் கேட்டாலும் விடை கிடைக்கும். ஆனால், “அதன் நகங்களைக் கடைசியாக என்று பார்த்தீர்கள்?” என்று கேட்டால் பலர் தயங்குவர். பார்க்கப்படாத அந்த நகங்களால் நல்ல முயல்கள் நொண்டியாகின்றன. தீனி எடுக்காமல் மெலிகின்றன. சிறு காயம் சீழ்ப்புண்ணாகிச் சில இறந்தும் போகின்றன.

நம் மாநிலத்தில் முயல் வளர்ப்பு புதியதன்று. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் என்னும் ஊரில், மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் தன் தென்மண்டல மையத்தை 1965-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அங்கே வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முதலிய முயல் இனங்களும் வளர்க்கப்பட்டு வருகின்றன. சமவெளியிலும் பல குடும்பங்கள் கொல்லைப்புறத்தில் சில கூண்டுகளை வைத்து முயல் வளர்த்துப் பயன் பெறுகின்றன. குழந்தைகள் ஆசையோடு வளர்க்கும் முயல்களும் உண்டு. வருமானத்திற்காக வளர்ப்பினும் அன்புக்காக வளர்ப்பினும் முயலின் காலில் ஏற்படும் வலி ஒன்றே. அதைத் தடுக்கும் முறையையும், காயம் நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் உழவர் பெருமக்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்துகொள்ளுமாறு இங்கே விளக்குவோம்.

காட்டு முயலும் வீட்டு முயலும்

நம் வயல்களிலும் புதர்களிலும் ஓடும் காட்டு முயல் வேறு. கூண்டில் வளர்க்கும் முயல் வேறு. நம் காட்டு முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. புல்லிடையே பதுங்கிடம் அமைத்து வாழ்கின்றது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் அடங்கிய தென்மேற்கு ஐரோப்பியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவை நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. தோண்டுவதற்கென்றே அவற்றிற்கு வலிய நகங்கள் அமைந்தன. நாள்தோறும் மண்ணைக் கிளறுவதால் நகம் தேய்ந்துகொண்டேயிருக்கும். தேய்ந்த அளவுக்கு மீண்டும் வளரும். வளர்ச்சியும் தேய்வும் இவ்வாறு சமமாக நின்றன. அம்முயலைக் கூண்டில் அடைத்துக் கம்பி வலையின்மேல் நிறுத்தினோம், தேய்வு நின்றுவிட்டது. வளர்ச்சியோ நிற்கவில்லை. உயிருள்ளவரை அது வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே, மண் செய்துவந்த வேலையை வளர்ப்பவரே செய்ய வேண்டியவராகின்றார்.

நகத்தின் அமைப்பு

முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, நம் கட்டைவிரலைப் போன்று உட்புறத்தில் சற்று மேலே இருக்கும். அந்நகம் தரையில் படுவதேயில்லை. எனவே அது எவ்விதத் தரையிலும் தேயாது. உரோமத்துள் மறைந்திருப்பதால் பலர் அதைக் காண்பதும் இல்லை. வளைந்து சதையில் குத்துவதும், துணியிலும் வலையிலும் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இதுவே. பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகங்கள் உள்ளன. ஆக மொத்தம் 18.

நகத்தின் வெளிப்பகுதி கடினமானது. அதை வெட்டினால் வலியில்லை. உள்ளே அடியிலிருந்து நுனியை நோக்கி ஓரளவு தூரம் மென்மையான உள்சதை ஓடுகின்றது. அதில் இரத்தக் குழாயும் நரம்பும் உள்ளன. இவ்வுள்சதையை வெட்டிவிட்டால் முயலுக்குக் கடும் வலி உண்டாகும், இரத்தமும் பெருகும். வெள்ளை முயல்களில் நகம் வெளிறியிருப்பதால் உள்சதை இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். சின்சில்லா போன்ற நிற முயல்களில் நகம் கறுத்திருப்பதால் எளிதில் தெரியாது.

மற்றொரு செய்தியையும் கருத வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தென்ற தோற்பொதிகள் உண்டு. முயலுக்கு அவை இல்லை. அடர்ந்த உரோமமே அதன் பாதத்திற்கு மெத்தையாகும். அந்த உரோமம் தேய்ந்தால் தோல் நேராகத் தரையில் உராயும்.

வளர விட்டால் நேரும் கேடுகள்

முதலாவது, நீண்ட நகம் கம்பி வலையிலோ சாக்கிலோ மாட்டிக்கொள்ளும். மிரண்ட முயல் காலை வெடுக்கென்று இழுக்கும். நகம் வேரோடு பிய்ந்துவிடும். சில வேளைகளில் விரலெலும்பும் முறியும்.

இரண்டாவது, நகம் நீண்டால் விரல்கள் தரையில் சரியாகப் படிய மாட்டா. உடலின் பாரம் பின்சரிந்து குதிகாலில் விழும். அங்கே உரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். கனத்த உடலுடைய இனங்களில் இப்புண் விரைவில் தோன்றும். முற்றினால் ஆற்றுதற்கு மிகவும் அரிது.

மூன்றாவது, இனப்பெருக்கம் குன்றும். பாதத்தில் வலியுள்ள ஆண் முயல் பெட்டையோடு சேராது. ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் கிடைக்கக்கூடிய இடத்தில், ஒன்றும் கிடைக்காமற் போவதற்குக் கவனியாத ஒரு நகமே காரணமாதல் கூடும். தாய் முயலின் நீண்ட நகம் ஈற்றுப் பெட்டியிலுள்ள உரோமமற்ற பச்சிளங் குட்டிகளைக் கீறிவிடுவதும் உண்டு.

நான்காவது, முயலைக் கையாளும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆழ்ந்த கீறல்கள் ஏற்படும்.

எப்போது வெட்ட வேண்டும்?

நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை எல்லா முயல்களின் நகங்களையும் பார்த்தல் வேண்டும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறதி நேராது. முயல் தரையில் இயல்பாக நிற்கும்போது, நகம் பாதத்து உரோமத்தைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் வெட்டும் காலம் வந்துவிட்டதென்று அறியலாம். சிமெண்டுத் தரையில் நடக்கும்போது ‘டக், டக்’ என்று ஓசை கேட்பதும், நகம் பக்கவாட்டில் வளைவதும் மற்ற அடையாளங்கள்.

ஒரு முயலுக்குப் பத்து நிமிடம் ஆகுமென்று கொண்டால், பத்து முயல் உள்ள குடும்பத்திற்கு மாதத்தில் ஒரு மணி நாற்பது நிமிட வேலை இது. ஒரே நாளில் செய்ய இயலாதாயின் நாளைக்கு இரண்டு மூன்றாகச் செய்து முடிக்கலாம். முயலால் வெப்பம் தாங்க முடியாது. ஆதலால் கோடையில் அதிகாலையிலேயே இவ்வேலையை முடித்துவிட வேண்டும். சினை முயலுக்கு, இணை சேர்ப்பதற்கு முன்பே நகம் வெட்டிவிடுக. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாட்கள். அதன் கடைசி வாரத்தில் தூக்கிப் பிடித்து அலைக்கழித்தல் ஆகாது.

குட்டிகளைப் பால் மறந்த நாள் முதலே அன்றாடம் தடவிக்கொடுத்துப் பாதங்களைத் தொட்டுப் பழக்கினால், பின்னர் அவை மிரளாமல் நிற்கும்.

வேண்டிய பொருள்கள்

கூர்மையான நகவெட்டி ஒன்று முதலில் வேண்டும். பூனைக்கு நகம் வெட்டும் சிறு கருவி பொருத்தமானது. இளங்குட்டிகளுக்கு நாம் பயன்படுத்தும் நகவெட்டியே போதும். ஆனால் அதை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளல் வேண்டும். துணி வெட்டும் கத்தரிக்கோலோ, முனை மழுங்கிய கருவியோ நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். இவற்றுடன் சிறிய டார்ச் விளக்கு, தடித்த பருத்தித் துண்டு, சுத்தமான வெள்ளைத் துணி, பொடித்த படிகாரம் அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் இரத்தம் நிறுத்தும் பொடி, சிறிது சோளமாவு ஆகியவற்றையும் அருகில் எடுத்து வைத்துக்கொள்க. இரத்தம் வந்தபின் பொருள் தேடி ஓடுதல் கூடாது.

பிடிக்கும் முறை

நகம் வெட்டுவதைவிடப் பிடிப்பதிலேதான் ஆபத்து மிகுதி. முயலின் எலும்புகள் மெலிந்தவை. பின்னங்காற் சதையோ மிகுந்த வலிமையுடையது. பிடியில் திமிறி அது பின்னங்கால்களை உதைக்கும்போது, தன் வலிமையாலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். அவ்வாறு முறிந்தால் பின்னுடல் செயலற்றுப் போகும். நகம் வெட்டப்போய் முயலையே இழப்பது இவ்வாறுதான்.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. காதைப் பிடித்து ஒருபோதும் தூக்கலாகாது.

2. ஒரு கையை மார்பின் கீழும், மற்றொரு கையைப் பின்னுடலின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்குக.

3. தரையில் அமர்ந்து மடியிலோ, வழுக்காதபடி சாக்கு விரித்த தாழ்வான பலகையிலோ முயலை வைத்துக்கொள்க. உயரத்திலிருந்து அது குதித்தால் கால் முறியும்.

4. துண்டினால் உடலைச் சுற்றி, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து வெட்டுக. மூக்கு மூடாமலும், இறுக்கி மூச்சு முட்டாமலும் இருத்தல் வேண்டும்.

5. இருவர் சேர்ந்து செய்வதே நலம். ஒருவர் பிடிக்க, மற்றவர் வெட்டலாம்.

சிலர் முயலை மல்லாத்திப் பிடிப்பர். அது அசையாமல் கிடப்பதைக் கண்டு, சுகமாக உறங்குகின்றதென்று எண்ணுவர். அஃது உறக்கமன்று, பகையின் வாயில் அகப்பட்ட பிராணி அச்சத்தால் உறைந்து கிடக்கும் நிலையே அது. ஆதலின் அம்முறையைக் கைவிடுதல் வேண்டும். முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், ஓயாமல் திமிறினாலும் உடனே விட்டுவிடுக. மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டும் முறை

பாதத்து உரோமத்தை விரலால் ஒதுக்கி நகத்தை முழுதும் வெளிப்படுத்துக. டார்ச் விளக்கை நகத்தின் பின்புறம் பிடித்தால் உள்சதை நிழல்போல் தெரியும். அது முடியும் இடத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் நுனிப்பக்கம் தள்ளி வெட்டுக. கறுத்த நகத்தில் இடம் விளங்காவிட்டால் நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்டுக. வெட்டுமுன் கருவியால் நகத்தை மெல்ல அழுத்திப் பார்க்கலாம். முயல் காலைப் பின்னுக்கு இழுத்தால் அங்கே உள்சதை உள்ளதென்று கொண்டு, நுனிப்பக்கம் இன்னும் தள்ளி வெட்டுக.

நெடுநாள் வெட்டாமல் விட்ட நகத்தில் உள்சதையும் நீண்டிருக்கும். அதை ஒரே நாளில் குட்டையாக்க முயலலாகாது. வாரம் ஒரு முறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் உள்சதை மெல்ல மெல்லப் பின்வாங்கும். சில வாரங்களில் நகம் உரிய அளவுக்கு வந்துவிடும்.

முன்னங்காலின் உட்புறத்து நகங்கள் இரண்டையும் மறவாமல் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 18 என்னும் கணக்கு நிறைந்தபின்னரே முயலைக் கூண்டில் விடுக. வெட்டி முடிந்ததும் அதற்கு விருப்பமான அகத்தி அல்லது முருங்கைத் தழை சிறிது கொடுத்தால் அடுத்த முறை அச்சம் குறையும்.

நகங்களை அடியோடு எடுத்துவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். அது விரலின் நுனியையே அறுப்பதற்கு ஒப்பாகும். முயலின் வாழ்நாள் முழுவதும் வலி தரும் அச்செயல் அறவே கூடாது. விலங்குகளை அங்கபங்கம் செய்வது, அவற்றிற்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் குற்றமாகும்.

இரத்தம் வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாகச் செய்யினும் சில வேளைகளில் உள்சதையில் வெட்டு விழுதல் உண்டு. பதற்றம் வேண்டா. சுத்தமான துணியை நகத்தின் நுனியில் வைத்து, ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால், உறைந்த இரத்தம் கலைந்து மீண்டும் ஒழுகும். பின்னர்ப் பொடித்த படிகாரத்தையோ இரத்தம் நிறுத்தும் பொடியையோ மிகச் சிறிதளவு எடுத்து நுனியில் மட்டும் அழுத்துக. இவை கிடைக்காவிடில் சோளமாவைப் பயன்படுத்தலாம். சுண்ணாம்பு, சாம்பல், பெட்ரோல், காப்பித்தூள் முதலியவற்றைப் பூசுதல் தவறு. முயல் தன் பாதத்தை நக்கும் இயல்புடையது. பாதத்தில் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் சென்றுவிடும்.

மூன்று கிலோ எடையுள்ள முயலின் உடலில் உள்ள இரத்தம் முழுவதும் ஏறக்குறைய 180 மில்லிலிட்டர்தான். அதாவது ஒரு தம்ளர் அளவு. சில துளிகள் போவதால் கெடுதி இல்லை. ஆனால் விடாமல் ஒழுகுவதை, சிறு விலங்குதானே என்று அலட்சியம் செய்தல் ஆகாது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் இரத்தம் நில்லாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

நகம் பிய்ந்துவிட்டால்

கூண்டில் இரத்தத் துளிகளைக் கண்டால் முயலின் நான்கு பாதங்களையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். வலியை வெளிக்காட்டாமல் மறைப்பது முயலின் இயற்கை. மூலையில் கூனிக் குறுகி அமர்தல், ஒரு காலை ஊன்றாமை, பல்லைக் கடித்தல், தீனியைக் குறைத்தல், பாதத்தை ஓயாது நக்குதல் ஆகியவையே வலியின் அடையாளங்கள்.

நகம் முழுதும் பிய்ந்து விழுந்திருந்தால், முதலில் மேற்கூறியபடி அழுத்தி இரத்தத்தை நிறுத்துக. அடுத்து, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் 9 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்நீரால் காயத்தைக் கழுவுக. பிறகு போவிடோன் அயோடின் மருந்தை வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை நீர் கலந்து, பஞ்சில் நனைத்து ஒற்றியெடுத்துத் துணியால் ஈரம் போக்குக. நாளைக்கு இரு முறை இவ்வாறு செய்தல் வேண்டும்.

நகம் பாதி பிய்ந்து தொங்கினால் அதை இழுத்துப் பறிக்கலாகாது. வலியால் முயல் மயங்கக்கூடும், அடிச்சதையும் கிழியும். மருத்துவரே வலி மரத்துப்போகும் மருந்து கொடுத்து அதை நீக்குவார். விரல் கோணியிருந்தாலும், வீங்கியிருந்தாலும், எலும்பு முறிவு இருக்கலாமென்று கருதி உடனே காட்டுதல் வேண்டும்.

காயம்பட்ட முயலைக் கம்பி வலைத் தரையிலிருந்து எடுத்துவிடுக. சமமான தரையில் சுத்தமான பழைய துணியையோ செய்தித்தாளையோ விரித்துத் தனியே வைத்து, நாள்தோறும் மாற்றி வருக. வைக்கோலின் கூர்முனை புண்ணில் குத்துமாதலால் முதல் சில நாட்களுக்கு அது வேண்டா. கட்டுப் போடுவதில் ஆர்வம் காட்ட வேண்டியதில்லை. இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் அழுகும். கட்டைக் கடித்து விழுங்கினால் வயிற்றில் அடைப்பு உண்டாகும்.

ஈ மொய்ப்பது பெரும் பகை. இரத்தமும் ஈரமும் உள்ள இடத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். எறும்பும் புண்ணை நாடி வரும். கூண்டின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் வைத்தால் எறும்பு ஏறாது. கூண்டை மெல்லிய வலையால் மூடி ஈயைத் தடுக்கலாம்.

அடிப்பகுதி கெடாமல் இருந்தால் சில மாதங்களில் நகம் மீண்டும் வளரும். அடிப்பகுதி சிதைந்திருந்தால் கோணலாக வளரும், அல்லது வளராமலே போகும். அதனால் முயலின் வாழ்வுக்குக் கேடில்லை. புண் சீழ் பிடிக்காமல் ஆறுவதே முக்கியம். முயலின் சீழ் தயிர்போல் கெட்டியானது. ஆதலால் தானாக வடிந்து வெளியேறாது. உள்ளேயே தங்கி எலும்பையும் அரிக்கும். வீக்கம், சூடு, துர்நாற்றம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவரிடம் செல்லத் தாமதித்தல் கூடாது.

மருந்து கொடுப்பதில் எச்சரிக்கை

வீட்டில் மீந்துள்ள மாத்திரையைப் பொடித்து முயலுக்குக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகும். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் முதலிய மருந்துகளை வாய்வழியே கொடுத்தால், முயலின் பெருங்குடற்பையில் தீனியைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. நஞ்சு பரப்பும் நுண்ணுயிர்கள் பெருகிக் கழிச்சல் கண்டு முயல் இறக்கின்றது. புண் ஆறுவதற்காகக் கொடுத்த மருந்தே எமனாவது இவ்வாறுதான். மனிதருக்குரிய வலி மாத்திரைகளையும் கொடுக்கலாகாது. நாய்க்கு உண்ணி போக்கத் தெளிக்கும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சாகும். மருத்துவர் எழுதித் தரும் மருந்தை, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுப்பதே முறை.

மருந்தைப் போலவே தீனியும் முக்கியம். முயலின் குடல் ஓயாது இயங்குதல் வேண்டும். வலியாலோ அச்சத்தாலோ 12 மணி நேரம் தீனி எடுக்காமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அஃது அபாய நிலையாகும். காயம்பட்ட முயலுக்குப் பசும்புல், வேலிமசால், நீர் ஆகியவற்றை எட்டும் தூரத்தில் வைத்து, காலையும் மாலையும் புழுக்கையைப் பார்த்து வருதல் வேண்டும். மருத்துவரிடம் கொண்டு செல்லும்போதும் பட்டினி போடத் தேவையில்லை.

நகத்தைச் சுற்றிப் பொருக்குக் கட்டினால்

நகத்தின் அடியிலும், விரல்களிலும், மூக்கின் மேலும், காதோரத்திலும் சாம்பல் நிறப் பொருக்குக் காணுமாயின் அது வெட்டுக் காயமன்று. சொறிப் பூச்சியால் வரும் நோய். ஒரு முயலிலிருந்து பண்ணை முழுவதும் பரவும். பிடிப்பவர் கையிலும் அரிப்பை உண்டாக்கும். பொருக்கை உரித்தல் கூடாது. நோயுற்ற முயலைத் தனியே பிரித்து, படுக்கையை எரித்து, கூண்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்துக. கையுறையின்றித் தொட வேண்டா. இதற்கு மருத்துவர் ஊசி மருந்து போடுவார். மருந்து போட்ட முயலை எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு விற்கலாமென்பதையும் அவரிடமே கேட்டறிதல் விற்பவரின் கடமையாகும்.

கூண்டின் தரையைத் திருத்துக

காயத்தை ஆற்றுவதினும் காயம் வாராமற் காத்தல் எளிது. தரைக் கம்பி வலையின் கண்கள் அரை அங்குல அகலத்திற்கு மேற்படாமல் இருத்தல் நலம். கண் பெரிதாயின் பாதமே உள்ளே இறங்கும். வலையின் வெட்டு முனைகளும், துருப்பிடித்து அறுந்த கம்பிகளும் உள்ளே நீட்டிக்கொண்டிராதபடி மாதம் ஒரு முறை கையால் தடவிப் பார்த்துச் சீராக்குக. ஒவ்வொரு கூண்டிலும் முயல் அமர்ந்து இளைப்பாறத்தக்க அளவில் வழவழப்பான ஒரு மரப்பலகை வைத்தல் வேண்டும். அதைக் கழுவி வெயிலில் காயவைத்து மீண்டும் இடுக. சிறுநீரில் ஊறிய பலகை, வலையைவிடத் தீங்கு செய்யும். நூல் பிரிந்த சாக்கும் பழைய மீன்வலையும் கூண்டருகே இருத்தல் ஆகாது; நகம் சிக்குவது அவற்றிலேதான்.

இடவசதியுள்ளோர் நாய், பூனை நுழையாத அடைப்பில், தம் கண்காணிப்பில் சிறிது நேரம் முயல்களை மண்ணில் விடலாம். தோண்டுதலால் நகம் ஓரளவு தேயும், முயலும் உற்சாகமாயிருக்கும். ஆயினும் நகத்தைப் பார்க்கும் கடமை இதனால் நீங்கிவிடாது.

நகம் பட்ட மனிதருக்கு

முயலின் நகம் கீறினால் ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுக. ஆழ்ந்த கீறலாயின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தசைவிறைப்பு நோய்க்கான தடுப்பூசி தேவையா என்று கேட்டறிக. குழந்தையைக் கீறியதற்காக முயலை அடிப்பதில் பயனில்லை. நகத்தை வெட்டாமல் விட்டது நாமே.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முயல் வைத்திருப்போர் பெரும்பாலும் சிறு உழவரும் கூலி வேலை செய்வோரும் மகளிர் குழுவினருமே. இரண்டு மூன்று முயல்களை இழப்பதும் அவர்களுக்குப் பெரு நட்டம். பஞ்சாயத்து பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய உதவிகள் சில உள. ஊருக்குப் பொதுவாக நல்ல நகவெட்டி இரண்டும், ஒரு டார்ச் விளக்கும், படிகாரமும், போவிடோன் அயோடினும் வைத்த பெட்டி ஒன்றை மகளிர் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குச் செல்லுமுன் கருவியைச் சவர்க்கார நீரில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்தல் கட்டாயமாக இருக்கட்டும். இல்லையேல் சொறி நோயும் கருவியோடு ஊர் சுற்றும்.

கால்நடை மருந்தக மருத்துவரை அழைத்து, நகம் வெட்டும் முறையையும் பிடிக்கும் முறையையும் நேரில் செய்துகாட்டச் சொல்லலாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் முகாம் நடக்கும் நாளில் முயலையும் கொண்டுவரலாமென்று முன்னதாகவே அறிவிப்பதும் நன்று. அவசரத்தில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்னும் தொலைபேசி எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். முயல் வளர்ப்புக்குக் கடனோ மானியமோ பெற்றுக் கூண்டு அமைப்போருக்கு, தரை வலையின் கண்ணளவையும் பலகையின் தேவையையும் கூண்டு செய்யுமுன்னரே எடுத்துரைத்தல் அங்கத்தினர்களின் பொறுப்பாகும். கட்டிய பிறகு மாற்றுவது செலவு.

நினைவிற் கொள்ளத்தக்க வினாக்கள்

மகளிர் குழுவிலோ உழவர் மன்றத்திலோ இக்கட்டுரையைப் படித்துக் கேட்டபின், கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை கூறிப் பார்க்கலாம்.

1. முயலுக்கு எத்தனை நகங்கள்? தரையில் படாத நகம் எது?

2. கறுத்த நகத்தில் உள்சதையை எவ்வாறு கண்டறியலாம்?

3. முயலை மல்லாத்திப் பிடித்தல் ஏன் கூடாது?

4. இரத்தம் ஒழுகினால் எத்தனை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்?

5. வீட்டில் மீந்த மாத்திரையை முயலுக்குக் கொடுத்தால் நேரும் தீங்கு யாது?

6. உங்கள் வீட்டு முயலின் நகங்களை எந்த நாளில் கடைசியாகப் பார்த்தீர்கள்?

முதல் ஐந்து வினாக்களின் விடை இக்கட்டுரையிலேயே உள்ளது. ஆறாவது வினாவின் விடையைக் கூண்டின்மேல் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, மாதந்தோறும் தேதியைக் குறித்து வருவீர்களாக. வாய் திறந்து வலியைச் சொல்லத் தெரியாத உயிரை வளர்ப்பவர், கேளாமலே அதன் குறையைப் பார்த்துத் தீர்ப்பதற்கு இதுவே எளிய வழியாகும்.